விமானக் கைப்பையின் வரலாறு

விமானத்தின் சரக்கறையில் ஏற்றாமல், பயணி தம்முடன் இருக்கைவரை எடுத்துச் செல்லும் சிறு பையே கைப்பை எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதைக் ‘கேபின் பேக்’ என்றும் ‘ஹேண்ட் லக்கேஜ்’ என்றும் சொல்கிறோம். சரக்கறைக்குச் செல்லும் பெரிய பெட்டி ‘செக்-இன் பெட்டி’ ஆகும்.

இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ துபாய் வழியாகவோ அமெரிக்கா செல்லும் ஒருவர், ஒரு நாள் முழுவதும் அந்தச் சிறு பையை நம்பியே இருக்கிறார். மருந்து, கம்பளிச் சட்டை, காலுறை, செவிக்கருவி, பவர் பேங்க், 100 மில்லி லிட்டர் பற்பசை ஆகியவை அதில் இருக்கும். இவை எல்லாம் ஒரே காலத்தில் பைக்குள் வந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கண்டுபிடிப்போ, விபத்தோ, சட்டமோ இருக்கிறது. விமான நிறுவனம் பார்த்துக்கொண்ட பயண வசதி சிறிது சிறிதாகப் பயணியின் பொறுப்பாக மாறியதையும் இந்தப் பையின் வரலாறு காட்டுகிறது.

கப்பலில் தொடங்கிய பழக்கம்

‘கேபின்’ என்னும் சொல் கப்பலில் பயணியின் அறையைக் குறித்தது. விமானம் வருவதற்கு முன்பே, நீண்ட தூரக் கப்பல்களில் பெட்டிகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. பயணியின் அறைக்குச் செல்ல வேண்டியவை, பயண நடுவில் தேவைப்படக்கூடியவை, பயணம் முடியும்வரை தேவைப்படாதவை என்று ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டப்பட்டது. மூன்றாம் வகைப் பெட்டிகள் கப்பலின் அடித்தளத்துக்குச் சென்றுவிடும். கரை சேர்ந்த பிறகே அவற்றைத் திறக்க முடியும்.

வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டியவர்களுக்கு இந்தப் பிரிவினை மிகவும் அவசியமாக இருந்தது. எது கைக்கு எட்ட வேண்டும், எது கண்ணுக்கு மறைந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். இன்று கைப்பை அடுக்கும்போது நாம் செய்வதும் இதுதான்.

பயணியையும் எடைபோட்ட காலம்

இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானச் சேவையைத் தொடங்கியது. கராச்சி அப்போது பிரிக்கப்படாத இந்தியாவில் இருந்தது. பயணம் ஏழு நாட்கள் நீடித்தது. முழு வழியும் வானில் அல்ல. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயிலில் செல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்து கடல் விமானத்தில் எகிப்துக்குச் சென்று, மீண்டும் வேறு விமானம் ஏற வேண்டும். கட்டணம் 130 பவுண்டு. அந்நாளில் அது பெருந்தொகை.

அன்றைய விமானங்களுக்கு எடைதான் முதல் கவலை. லண்டனின் குரொய்டன் விமான நிலையத்தில் பெட்டிகளோடு பயணிகளையும் எடைபோட்டார்கள். ஆகவே உடன் கொண்டு செல்லும் பொருள்கள் மிகக் குறைவாகவே இருந்தன. ஆனால் பயணிக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. இரவு வந்தால் விமானம் தரையிறங்கும். பயணிகள் விடுதியில் தங்குவார்கள். உணவும் விடுதிச் செலவும் பயணச்சீட்டின் விலையிலேயே அடங்கியிருந்தன. 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடல் விமானத்தில் செல்ல ஏறத்தாழ 10 நாட்கள் ஆயின. அப்பயணத்திலும் இரவுத் தூக்கம் பெரும்பாலும் தரையிலேதான்.

வானில் இருந்த நேரம் மட்டும் கடினமானது. காற்றழுத்தம் சீர்செய்யப்படாத அறை, குளிர், எஞ்சினின் பேரிரைச்சல். அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு மே 15 அன்று, உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக எலன் சர்ச் பணியில் சேர்ந்தார். அவர் பயிற்சி பெற்ற செவிலியர். இரைச்சலைக் குறைக்கக் காதுக்குப் பஞ்சும், காதடைப்பு நீங்க மெல்லுவதற்கு சூயிங்கமும் அக்காலத்தில் விமான நிறுவனங்களே கொடுத்தன. நீண்ட பயணத்துக்கான வசதிப் பொருள்களின் வரலாறு இந்தப் பஞ்சிலிருந்தும் சூயிங்கத்திலிருந்தும் தொடங்குகிறது எனலாம்.

சட்டத்தில் கைப்பை இடம்பெற்றதும் இதே காலத்தில்தான். 1929 அக்டோபர் 12 அன்று கையெழுத்தான வார்சா உடன்படிக்கை, பயணி தம் பொறுப்பிலேயே வைத்திருக்கும் சிறு பொருள்களைத் தனியாகப் பிரித்தது. மற்ற உடைமைகளுக்கு விமான நிறுவனம் சீட்டுத் தர வேண்டும். இவற்றுக்குத் தர வேண்டியதில்லை. பின்னர் வந்த 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையும் இந்தப் பிரிவினையைத் தொடர்ந்தது. அதன்படி செக்-இன் பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது தொலைந்தால் நிறுவனமே ஈடு தர வேண்டும். கைப்பைக்கு இழப்பு ஏற்பட்டால், நிறுவனத்தின் தவற்றால் நேர்ந்தது என்றால்தான் அது பொறுப்பாகும். கைப்பைக்கு முதல் காவலர் பயணியே.

ஜெட் விமானமும் மூடிய பெட்டகமும்

1948ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் 35 பயணிகளுடன் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வழியில் கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் நின்றது. காற்றழுத்தம் சீர்செய்யப்பட்ட அறை கொண்ட கான்ஸ்டலேஷன் வகை விமானம் அது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரம் எடுத்த தூரம் இரண்டு நாட்களுக்குள் சுருங்கியது. இனிப் பயணி விடுதியில் உறங்க மாட்டார். இருக்கையிலேயே இரவைக் கழிக்க வேண்டும். இருக்கை அருகே என்ன இருக்கிறது என்பது அன்றிலிருந்து முக்கியமாயிற்று.

1958 அக்டோபர் 26 அன்று பான் ஆம் நிறுவனம் போயிங் 707 ஜெட் விமானத்தை நியூயார்க்–பாரிஸ் வழியில் இயக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அட்லாண்டிக் வழிகளில் ‘எக்கானமி’ வகுப்பும் வந்தது. விமானப் பயணம் செல்வர்களுக்கு மட்டும் உரியது என்ற நிலை மாறத் தொடங்கியது. ஆனால் அன்றைய விமானங்களில் தலைக்கு மேல் இருந்தது ஒரு திறந்த தட்டு மட்டுமே. தொப்பி, மேலங்கி, போர்வை ஆகியவற்றை வைப்பதற்காக அமைந்ததால் அதைத் ‘தொப்பித் தட்டு’ என்றே அழைத்தார்கள். கனமான பையை அதில் வைத்தால் விமானம் குலுங்கும்போது தலையில் விழும்.

1970 ஜனவரி 22 அன்று சேவைக்கு வந்த போயிங் 747 போன்ற அகன்ற உடல் விமானங்களில், கதவுடன் கூடிய மூடிய பெட்டகங்கள் தலைக்கு மேல் அமைந்தன. பிறகு சிறிய விமானங்களுக்கும் அந்த அமைப்பு பரவியது. தொப்பிக்கு இருந்த இடம் பெட்டிக்கு ஆயிற்று. இடம் கிடைத்தவுடன் அதை நிரப்பும் பழக்கமும் வளர்ந்தது.

சக்கரம் வந்தது

சக்கரம் மனிதனின் மிகப் பழைய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. ஆனால் பயணப் பெட்டியின் அடியில் அது பரவலாக இடம்பெற்றது மனிதன் நிலவில் கால் வைத்த பிறகே! அமெரிக்காவில் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பெர்னார்ட் சாடோ, 1970ஆம் ஆண்டில் குடும்பத்துடன் பயணம் முடித்துத் திரும்பும்போது, விமான நிலையத்தில் ஒரு தொழிலாளி கனமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். அந்தக் காட்சியே அவருக்கு வழிகாட்டியது. பெட்டியின் அடியில் நான்கு சக்கரங்கள், இழுக்க ஒரு வார் என்பது அவருடைய அமைப்பு. 1972ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்தார்கள். ஆண்கள் பெட்டியைத் தூக்கித்தான் செல்வார்கள், இழுத்துச் செல்ல மாட்டார்கள் என்பது அன்றைய எண்ணம்.

1987ஆம் ஆண்டில் ராபர்ட் பிளாத் என்ற விமானி இதை மேம்படுத்தினார். பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரங்களும் உள்ளே தள்ளக்கூடிய நீண்ட கைப்பிடியும் வைத்தார். முதலில் சக விமானிகளும் பணிப்பெண்களும் அதை வாங்கினார்கள். விமான நிலையத்தில் அவர்கள் விரைந்து நடப்பதைக் கண்ட பயணிகள் தாமும் அதையே கேட்டார்கள். தோளில் மாட்டும் துணிப்பைக்குப் பதிலாகச் சக்கரப் பெட்டியே கைப்பையாக மாறியது இப்படித்தான்.

சோதனையும் 100 மில்லி லிட்டரும்

விமானக் கடத்தல்கள் பெருகியதால், அமெரிக்கா 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளையும் அவர்களுடைய கைப்பைகளையும் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. 1974ஆம் ஆண்டில் பன்னாட்டு வான் போக்குவரத்து அமைப்பு பாதுகாப்புக்கெனத் தனி விதித்தொகுதியை ஏற்றுக்கொண்டது. அதுவரை பயணிக்கு மட்டுமே தெரிந்திருந்த பையின் உள்ளடக்கம் இனி எக்ஸ்ரே திரையில் மற்றவருக்கும் தெரிந்தது.

முதலில் உலோகத்தையே தேடினார்கள். திரவத்தின் ஆபத்து 1994 டிசம்பர் 11 அன்று வெளிப்பட்டது. மணிலாவிலிருந்து செபு வழியாக டோக்கியோ சென்ற பிலிப்பைன்ஸ் ஏர்லைன்ஸ் விமானத்தில், கண்வில்லைக் கரைசல் புட்டியில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட திரவ வெடிபொருள் வெடித்தது. ஒரு பயணி உயிரிழந்தார். விமானி பெரும் திறமையுடன் ஒகினாவாவில் தரையிறக்கினார். குண்டை வைத்தவன் செபுவிலேயே இறங்கிவிட்டிருந்தான்.

2006 ஆகஸ்ட் 10 அன்று, அட்லாண்டிக் கடக்கும் பல விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிரிட்டனில் முறியடிக்கப்பட்டது. அன்றே பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கைப்பைக்கு முழுத் தடை வந்தது. கடவுச்சீட்டு, பணப்பை, தவிர்க்க முடியாத மருந்து போன்ற சிலவற்றை மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் கொண்டு செல்ல அனுமதித்தார்கள். குழந்தையின் பாலை உடன் வரும் பெரியவர் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு பயணிக்கு உண்மையில் இன்றியமையாதவை எவை என்று அரசே பட்டியலிட்ட நாட்கள் அவை.

சில வாரங்களில் அத்தடை தளர்ந்து, இன்று நாம் அறிந்த விதியாயிற்று. அமெரிக்காவில் செப்டம்பர் 26 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் நவம்பர் 6 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு புட்டியும் 100 மில்லி லிட்டருக்கு மிகாமல், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒளி ஊடுருவும் பையில் அடங்க வேண்டும். தேவையான மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. தயிர், நெய், ஊறுகாய் போன்றவையும் திரவக் கணக்கில்தான் சேரும் என்பதை நம்மவர்கள் சோதனை மேசையில்தான் பலமுறை அறிகிறார்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 2018 முதல் 350 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பொடி வகைகளுக்கும் தனிச் சோதனை உண்டு. சாம்பார்ப் பொடிக்கு உரிய இடம் செக்-இன் பெட்டியே.

கட்டணம் தந்த நெருக்கடி

2008ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உச்சத்தை நோக்கி உயர்ந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஜூன் 15 முதல், முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் விதித்தது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. கட்டணத்தைத் தவிர்க்கப் பயணிகள் எல்லாவற்றையும் கைப்பையில் திணித்தார்கள்; தலைக்கு மேலுள்ள பெட்டகங்கள் நிரம்பி வழிந்தன. வசதிக்காகப் பிறந்த கைப்பை சிக்கனத்துக்கான பையாகிவிட்டது.

அளவுகளை ஒழுங்குபடுத்தும் முயற்சியும் நடந்தது. 2015 ஜூன் மாதத்தில் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 55 × 35 × 20 சென்டிமீட்டர் என்ற அளவைப் பரிந்துரைத்தது. தம் பழைய பை பயனற்றுப் போகுமோ என்று பயணிகள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. இன்றும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இந்திய உள்நாட்டு விமானங்களின் எக்கானமி வகுப்பில் பொதுவாக ஒரு பை, 7 கிலோ என்பதே வழக்கம்.

எனினும் முக்கியமான பொருள்களைக் கைப்பையில் வைப்பதற்குக் காரணம் கட்டணம் மட்டுமன்று. விமானத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான சிட்டாவின் கணக்குப்படி, 2007ஆம் ஆண்டில் 1000 பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தாமதமாகவோ சேதமாகவோ வந்தன அல்லது தொலைந்தன. 2023ஆம் ஆண்டில் அது 6.9 ஆகக் குறைந்தது. குறைந்தாலும், அந்த ஏழில் ஒன்று நம் பெட்டியாக இருந்து, அதில் சர்க்கரை நோய்க்கான இன்சுலின் இருந்தால் என்ன ஆவது?

உடல் கேட்ட பொருள்கள்

10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது, விமானத்தின் உள்ளே ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஒப்பான காற்றழுத்தமே இருக்கும். உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். அதாவது நீண்ட விமானப் பயணம் என்பது உதகையில் ஓர் இரவை நாற்காலியில் கழிப்பது போன்றது. ஆனால் உதகையின் ஈரம் அங்கே இல்லை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதால் கண், மூக்கு, உதடு எல்லாம் உலர்கின்றன. சோதனை முடிந்த பிறகு நிரப்பிக்கொள்ள ஒரு காலிப் புட்டி, உதட்டுக்குப் பூச்சு, மெல்லிய கம்பளி ஆகியவை பைக்குள் வந்த காரணம் இதுவே.

அடுத்தது காலுறை. 1940ஆம் ஆண்டில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவு முழுவதும் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்து இறந்ததை கீத் சிம்சன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். நெடுநேரம் அசையாமல் அமர்ந்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையக்கூடும் என்பதற்கு அது சான்று. 1977ஆம் ஆண்டில் மருத்துவ உலகம் விமானப் பயணத்தை ஒட்டி ‘எக்கானமி வகுப்பு நோய்’ என்ற பெயரைச் சூட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து இரு மடங்காகிறது என்றது. ஆனாலும் ஏறத்தாழ 6000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது. அஞ்ச வேண்டியதில்லை, அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். முன்பே இரத்த உறைவு ஏற்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு அழுத்தக் காலுறை அணியலாம்.

இரைச்சலுக்குத் தீர்வு கண்டவர்களுள் ஒருவர் இந்திய வழித்தோன்றல். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராளியின் மகனான அமர் போஸ், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர். 1978ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில் தரப்பட்ட செவிக்கருவியில், எஞ்சின் இரைச்சலால் இசை சரியாகக் கேட்கவில்லை. வெளி ஒலிக்கு நேர்மாறான ஒலியலையை உண்டாக்கி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் கணக்கை அவர் அந்தப் பயணத்திலேயே எழுதத் தொடங்கினார். 1989ஆம் ஆண்டில் விமானிகளுக்கும், 2000ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கும் அக்கருவி விற்பனைக்கு வந்தது. 1930இல் நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பஞ்சின் வேலையை, இன்று பயணி விலை கொடுத்து வாங்கிய கருவி செய்கிறது.

மின்கலம் என்னும் புதிய கவலை

பவர் பேங்கும் உதிரி லித்தியம் மின்கலங்களும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் கூடாது. சரக்கறையில் அவை தீப்பிடித்தால், பறக்கும்போது யாரும் நேரில் சென்று அணைக்க முடியாது. பயணிகள் அறையில் என்றால் உடனே கண்டு அணைக்க முடியும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு; 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கணக்கிடுவது எளிது. மில்லி ஆம்பியர்-மணி அளவை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்று அச்சிட்ட பவர் பேங்க் 74 வாட்-மணி கொண்டது.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றியது. பயணிகளும் பணியாளர்களுமாக 176 பேரும் தப்பினார்கள். தலைக்கு மேலுள்ள பெட்டகத்தில் இருந்த பவர் பேங்க் மீது ஐயம் எழுந்தது. மார்ச் 1 முதல் அதைப் பெட்டகத்தில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்திலேயே வைக்க வேண்டும் என்று தென்கொரியா விதித்தது. அந்த விதி இல்லாத விமானங்களிலும் அவ்வாறு வைப்பதே நல்லது.

விட்டுவிட வேண்டிய பை

கைப்பையின் வரலாற்றில் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய இரண்டு நாட்கள் உண்டு. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பற்றியது. அதில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார். புகை சூழ்ந்த அறையில் சிலர் பெட்டகத்தைத் திறந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்ததைக் காணொளியில் உலகம் கண்டது.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மற்றொரு விமானத்துடன் மோதி எரிந்தது. அதில் இருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். ஒருவர்கூட உள்ளே சிக்கவில்லை. பெரிய விமானம் ஒன்றுக்குச் சான்றளிக்கும்போது, வாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். ஒருவர் பையை எடுக்கச் செலவிடும் சில விநாடிகள், பின்னால் நிற்பவருக்கு உரியவை.

இந்த வரலாற்றிலிருந்து பை அடுக்கும் முறையும் கிடைக்கிறது. கடவுச்சீட்டு, பணம், கைப்பேசி, ஒரு நாளுக்கான முக்கிய மருந்து ஆகியவை பையில் அல்ல, உடையின் பையிலோ உடலோடு கட்டிய சிறு பையிலோ இருக்கட்டும். மீதி மருந்து, மருத்துவர் சீட்டு, கம்பளி, காலுறை, காலிப் புட்டி, செவிக்கருவி, பவர் பேங்க் ஆகியவை முன்னிருக்கையின் அடியில் வைக்கும் சிறு பையில் இருக்கட்டும். மாற்றுடை ஒன்றும் மற்றவையும் மேலே போகலாம். இவ்வாறு பிரித்து வைத்தவர், இறங்கு என்று குரல் வந்தவுடன் எதையும் தேடாமல் எழுந்துவிடுவார்.